சுட்ட இடத்துக்குப் பக்கத்தில்

ஜனவரி 9

அன்புள்ள கொசுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் சுகமா என்பதை நீ கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் "எப்படி இருக்கே?" என்றாய். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றேன். உன் குரலைக் கேட்டால் என் வாய் தானாகப் பொய் சொல்லிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன வருடம் என் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்களே, புற்று அதோடு ஒழிந்தது என்று நினைத்தோம். ஒழியவில்லை. இப்போது எடுத்த ஸ்கேனில் ஈரலில் மூன்று புள்ளிகள். குடலில் இருந்தது ரத்தத்தோடு போய் அங்கே குடித்தனம் வைத்துவிட்டது. ஈரலின் இரண்டு பக்கமும் இருப்பதால் வெட்ட முடியாதாம். வெட்டினால் மிச்சம் இருக்கிற ஈரல் உடம்புக்குப் போதாது. அதனால் லேசர் வைத்துச் சுடப்போகிறார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செருகி, அதன் வழியாக மெல்லிய கண்ணாடி இழை ஒன்றைப் புள்ளியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்த இழையில் லேசர் வெளிச்சம் போகும். அந்தச் சூட்டில் புள்ளி வெந்து செத்துவிடும். வயிற்றைக் கிழிக்கும் வேலை இல்லை.

உன் அண்ணி கேட்டாள், "அப்ப சரியாயிடும் இல்ல டாக்டர்?"

"இருக்கறதைச் சுட்டுடலாம்மா. இனிமே வராதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது."

நல்ல மனுஷன். முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்றார். ஒரு தங்கச்சி என்றேன். "உடனே குடலைச் சோதனை பண்ணிக்கச் சொல்லுங்க. உடம்புல ஒண்ணும் தெரியலைன்னாலும் பண்ணணும்."

நம் அப்பாவும் வயிறு வயிறு என்றுதான் போய்ச் சேர்ந்தார், ஞாபகம் இருக்கிறதா? குழாய் விட்டுப் பார்ப்பார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போ. மூலம் என்று நினைத்துக்கொண்டு ரத்தத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரிந்த முட்டாள் சொல்கிறேன்.

கை கால் சுகத்தோடு பதில் போடு.

உன் அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதவே கை கூசுகிறது. அண்ணி சாப்பிடுகிறார்களா? நீ தூங்குகிறாயா?

கோர்ட்டில் மதிய இடைவேளையில் படித்தேன். படித்து முடித்ததும் மறுபடி சாட்சிக் கூண்டருகே போய் உட்கார்ந்து, ஒரு தகராறு வழக்கில் சாட்சி சொன்னதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதினேன். சாயங்காலம் டைப் அடிக்கும்போது பார்த்தால் ஒரு இடத்தில் "ஈரல்" என்று எழுதியிருக்கிறேன். சாட்சி சொன்னது "வாசல்". என்னோடு வேலை செய்யும் டைப்பிஸ்ட் அக்கா பார்த்துவிட்டு, "என்னடி, வாசல்ல நின்னு சண்டை போட்டவங்களை எங்க கொண்டுபோய் நிறுத்தியிருக்கே?" என்றாள். சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவ்வளவுதான், இனி அழ மாட்டேன்.

லேசருக்குத் தேதி குறித்ததும் எழுது. லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நீ ஆப்பரேஷன் அறைக்குள் போகும்போது வெளியே நான் இருப்பேன். சோதனைக்கும் பெயர் கொடுத்துவிட்டேன், போதுமா? அதற்காகத் தினமும் என்னை அரிக்காதே.

அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் கொசு


பிப்ரவரி 20

அன்புள்ள கொசுவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், கொஞ்சம் வெந்து. நீ எப்படி? ரயில் கிடைக்கவில்லையா, லீவு கிடைக்கவில்லையா? "வர முடியல, அப்புறம் பேசறேன்" என்று போனில் சொல்லி வைத்துவிட்டாய். உன் அண்ணி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும்தான்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முழு மயக்கம் கிடையாது. விலாவில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் தூக்கத்துக்கும் ஏதோ கொடுத்தார்கள். பிறகு ஒரு குழாய் மாதிரி மெஷினுக்குள் என்னைத் தள்ளினார்கள். சூடு எங்கே எவ்வளவு ஏறுகிறது என்பதை அந்த மெஷின் படமாகக் காட்டுமாம். உள்ளே தலைக்கு மேல் கையளவு இடம்தான். லிப்ட் மெக்கானிக்காக இத்தனை வருடத்தில், லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனை தடவை கதவுக்கு வெளியே நின்று சமாதானப்படுத்தியிருக்கிறேன்! "பயப்படாதீங்க, காத்து வரும், நான் இங்கதான் இருக்கேன்." அந்தக் குழாய்க்குள் போன பிறகுதான் தெரிந்தது, காற்று வருகிறது என்று சொன்னால் யாருக்கும் பயம் போகாது. "நான் இங்கதான் இருக்கேன்" என்பதுதான் வேலை செய்கிறது. டாக்டர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம்... இப்ப ஓரமெல்லாம் வேகுது... மூச்சை நிதானமா விடுங்க."

ஆழத்தில் ஒரு அழுத்தம். வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளே கட்டை விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி. மூன்றையும் சுட்டுவிட்டார்கள். அப்புறம் நாலைந்து நாள் காய்ச்சல். செத்த சதையை உடம்பு தின்று தீர்க்கிறது, அதனால் வருவதாம்.

சோதனை என்ன ஆச்சு? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலம்தானே? காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கோர்ட் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வேலையும் தலைக்கு மேல். அதனால்தான் டைப் அடித்து அனுப்புகிறேன். சீக்கிரம் வருகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


ஏப்ரல் 15

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

புது ஸ்கேன் எடுத்தார்கள். சுட்ட மூன்றும் செத்துவிட்டன. ஸ்கேனில் கறுப்பு ஓட்டைகளாகத் தெரிகின்றன. டாக்டர் எனக்குக் காட்டினார். ஆனால் ஒரு கறுப்பு ஓட்டைக்குப் பக்கத்திலேயே வெள்ளையாகப் புதிதாக ஒன்று. "சுட்ட இடத்துக்குப் பக்கத்துல ஓரமா தப்பிச்சது இருக்கலாம்" என்றார். மே மாதம் மறுபடி சுடுவார்கள்.

நீ டைப் அடித்த கடிதம் வந்தது. வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துத்தான் பிரித்தேன். கணுக்கால் சுளுக்கியவர்கள் காலால் எழுதுவது எனக்குப் புதுச் செய்தி. நீ சோதனைக்குப் போகவில்லை, அதைச் சொல்லப் பயந்துகொண்டு ஒளிகிறாய். அல்லது இந்த வியாதி பிடித்த அண்ணன் பக்கத்தில் வரவே உனக்குப் பயம். இரண்டில் எது என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வருகிறேன், வருகிறேன் என்று இனி எழுத வேண்டாம். நீ வரவே வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமா? வீட்டு முகவரிக்குப் போட்டால் அண்ணன் கையில் கிடைக்கும் என்றுதான் உங்கள் பஸ் டிப்போவுக்கு எழுதுகிறேன். நீங்கள் மட்டும் படியுங்கள்.

நான் சோதனைக்குப் போனேன். பிப்ரவரி ஆரம்பத்திலேயே போனேன். இருந்தது. அண்ணனுக்கு இருந்த அதே பக்கத்தில், ஆனால் சின்னது. அண்ணனுக்கு லேசர் வைத்த அதே வாரம் எனக்கு வயிற்றைத் திறந்தார்கள். அவனுக்கு ஊசி குத்தும்போது வெளியே உட்கார்ந்திருப்பேன் என்று எழுதிவிட்டு, நான் இங்கே வேறொரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

குடலை வெட்டி ஒட்டிய இடம் கசிந்துவிட்டது. மறுபடி திறந்தார்கள். இப்போது மலம் சேர வயிற்றின் மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது, சில மாதங்களில் எடுத்துவிடுவார்களாம். டைப்பிஸ்ட் அக்காதான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கடிதத்தையும் அவள்தான் அடித்தாள். எனக்குக் கை நடுங்கியது.

ஈரலில் ஒன்றுமில்லை அண்ணி. வேறெங்கும் இல்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்று டாக்டர் என் கையைக் குலுக்கினார். நல்ல நேரத்தில் என்னை அனுப்பியவனிடம் இதை எப்படிச் சொல்வேன்? அவனுக்கு நேரம் தப்பிவிட்டது, எனக்கு அமைந்துவிட்டது. அவனுடைய ஸ்கேனைப் பற்றிக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நான் திருடி மாதிரி இருக்கிறது.

அவனிடம் சொல்லாதீர்கள். திட்டிக்கொண்டே இருக்கட்டும். திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருப்பான்.

உங்கள் நாத்தனார்


மே 10

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலம் என்று எழுதினால் இந்தப் பேனாவே சிரிக்கும். நீ எப்படி இருக்கிறாய்? புண் ஆறியதா? அந்தப் பை தோலை அரிக்கிறதா? களிம்பு போடுகிறாயா? இதெல்லாம் முதலில்.

இரண்டாவது, உன்னைக் கையில் பிடித்தால் நாலு அறை அறைவேன். டிப்போவில் எல்லாரும் பார்க்க, டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். டிரைவர், "ஏம்மா, வண்டி எடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார். அன்றைக்கு ஒரு டிரிப் முழுக்க மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்து எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்ட ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அவர் உன்னைத் திட்டுவதில்லை. அதுதான் கஷ்டம். போன் அடித்தால் நிமிர்ந்து பார்க்கிறார், நீ இல்லை என்று தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். நேற்று, "அவ சின்னப் புள்ளையில ஊசின்னாலே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துப்பா. நான் ரொம்ப மிரட்டிட்டேனோ?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னை ஏன் மாட்டிவிட்டாய்? நான் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது எனக்கு. அடுத்த லேசர் முடிகிற வரைக்கும் பொறுக்கிறேன். அதற்குள் நீயே சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். இது கட்டளை.

அண்ணி


ஜூன் 22

அன்புள்ள கொசுவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்ணாடியைத் துடைக்காதே, கைதான் காரணம். நீ சுகமா? கணுக்கால் சரியாகிவிட்டதா? கிண்டலில்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன்.

இரண்டாவது தடவையும் சுட்டார்கள். ஒன்று என்று போனவர்கள் உள்ளே பார்த்தால் இரண்டு. இரண்டையும் சுட்டார்கள். போன வாரம் ஸ்கேன். டாக்டர் படத்தை மாட்டிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மழையில் நனைந்த சுவரில் பூஞ்சை பூத்த மாதிரி ஈரல் முழுக்கப் பொடிப்பொடியாக.

"இதையெல்லாம் சுட முடியாதா டாக்டர்?" என்றேன்.

"விரல் விட்டு எண்ணற மாதிரி இருந்தா சுடலாம். இப்ப சுடறதுன்னா ஈரலையே சுடணும்."

"லேசர் தோத்துடுச்சா?"

"அது சுட்டதெல்லாம் செத்துடுச்சு. அது தோக்கலை. வியாதி அதைவிட வேகமா போகுது."

அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இனி வீட்டில் படுக்கை, வலிக்கு மருந்து. கண்ணெல்லாம் மஞ்சள்.

வர வேண்டாம் என்று எழுதினேன். கோபத்தில் எழுதியது. ஆனாலும் நான் வா என்று கூப்பிடவில்லை. என்னை இப்படிப் பார்த்தால் உனக்குப் பயம் இன்னும் கூடிவிடும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சோதனை செய்துகொண்டாயா இல்லையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

ஆமாம்.

ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருந்தாய். எனக்குப் போதவில்லை.

பிப்ரவரியிலேயே செய்துகொண்டேன். இருந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள். புண் சரியாக ஒட்டாமல் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று, அதனால்தான் இத்தனை மாதம் எழுந்து நடமாட முடியவில்லை. கணுக்கால் பொய். வேலை பொய். ஈரல் சுத்தமாக இருக்கிறது. எங்கேயும் பரவவில்லை.

உன் பக்கத்தில் வரப் பயம் என்று எழுதியிருந்தாயே, அது நிஜம்தான். வியாதிக்குப் பயந்து இல்லை. உன் முகத்துக்கு எதிரில் பிழைத்தவளாக வந்து நிற்கப் பயம். நீ எழுதியிராவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். உன்னைப் போல இன்னும் ஒரு வருடம் மூலம் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருப்பேன். எனக்கும் ரத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது அண்ணா. யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் பயணம் போகலாம் என்று சொன்ன அன்றைக்கே கிளம்புகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன். அதுவரை உன் உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கொசு


ஜூலை 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

புண் எப்படி இருக்கிறது? பயணம் போகலாம் என்று சொல்லிவிட்டார்களா? இங்கே நிலைமை நன்றாக இல்லை. சுற்றி வளைக்கப் போவதில்லை.

உன் கடிதம் வந்த அன்று அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார். கண் மங்கிவிட்டதால் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். முதல் வார்த்தையிலேயே கையைத் தூக்கினார், நிறுத்து என்று நினைத்தேன். "மேல படி" என்றார். முழுக்கப் படித்தேன். கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். சாயங்காலம் வரைக்கும் திரும்பவே இல்லை. நான் இதெல்லாம் முன்பே தெரிந்து மறைத்தேன் என்றும் சொல்லிவிட்டேன். அதற்கும் திரும்பவில்லை. கோபமா, வருத்தமா, என்னவென்று இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து புத்தி போய்ப் போய் வருகிறது. ஈரல் வேலை செய்யாததால் விஷமெல்லாம் தலைக்கு ஏறுகிறதாம். என்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்துட்டேன்மா" என்கிறார். நேற்று வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். அதே ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. லிப்ட் ரிப்பேர். உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரத்துக்கு அவர் என் பழைய புருஷன்.

வா. இன்றைக்கே கிளம்ப முடிந்தால் கிளம்பு.

அண்ணி


ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? வேலைக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னீர்கள், நல்லது. வீட்டில் தனியாக அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். எனக்குப் புண் ஆறிவிட்டது, பையை அடுத்த மாதம் எடுக்கிறார்கள்.

அங்கே இருந்தபோது ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் என்று வீடு நிறைய ஆட்கள். அதோடு, சொன்னால் உடைந்துவிடுவேன் என்று பயம்.

நான் வந்து சேர்ந்த அன்று பார்வை நேரம் முடிந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடித்தான் உள்ளே விட்டார்கள். தலையோடு நீல அங்கியை மாட்டிவிட்டு மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் கட்டினார்கள். நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். அவ்வளவு மெலிந்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை. கட்டிலில் போர்வைதான் கிடந்த மாதிரி இருந்தது. அருகே போனேன். கண்ணைத் திறந்தான். மஞ்சள் கண். என்னை நேராகப் பார்த்து, "சிஸ்டர்" என்றான்.

தங்கை என்று தெரிந்துதான் இப்படிக் கேலி செய்கிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை அண்ணி. நர்ஸ் என்று நினைத்துவிட்டான்.

"சிஸ்டர், எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா."

முகக்கவசத்தைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. அவன் எப்போதும் என்னிடம் பேசியிருக்கிறான், என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "அப்படியா?" என்றேன்.

"அவளுக்கும் இதே வியாதி. ஆனா அவ தப்பிச்சுட்டா. சுத்தமா எடுத்துட்டாங்க. அடங்காப்பிடாரி, யார் சொன்னாலும் கேக்க மாட்டா. நான் சொன்னேன், போய்ப் பாத்துக்கிட்டா." மூச்சு வாங்கியது. பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பில் துளிக்கூட வருத்தம் இல்லை. நீங்கள் எழுதினீர்களே, கோபமா என்னவென்று தெரியவில்லை என்று. கோபம் இல்லை அண்ணி. உங்கள் மேலும் இல்லை. பரீட்சையில் பிள்ளை பாஸாகிவிட்டது என்று கடைத்தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகிற அப்பாவைப் போலச் சொன்னான்.

பிறகு என் அங்கியின் கையைப் பிடித்து இழுத்தான். குனிந்தேன்.

"அவ வந்துட்டிருக்கா, சிஸ்டர். தூரத்துலேர்ந்து வரா. நேரம் முடிஞ்சிடுச்சுன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அவ உடம்பு இப்பதான் தேறுது, ரொம்ப நேரம் நிக்க முடியாது. வந்தா உள்ள விட்டுடுங்க."

முகக்கவசத்தை இழுத்துக் கழற்றினேன். அதற்குள் அவன் கண் மூடிவிட்டது. நீங்கள் வந்தபோது அவன் தூங்குகிறான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் பேசவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அவன் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன் அண்ணி. அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது. பிறந்ததிலிருந்து அவனை வாடா போடா என்றே பேசியவள், அன்றைக்கு முதல்தடவையாக மரியாதை கொடுத்துப் பேசினேன்.

"சரிங்க, விடறேன்."

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்